பாவுக் கயிறு கட்டிய கார்

அந்தக் கார் மதுரையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர் கோச்சடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அதை இழுத்துக்கொண்டு வந்தவை எங்கள் வீட்டுக் காளைகள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் நண்பன் உட்கார்ந்திருந்தான். தானே ஓட்டி வருகிற மாதிரி முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கு மானமே போயிற்று. வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். வாசலில் நின்ற அப்பா, "மாடுதான் இழுக்கணும்னா நம்ம வண்டி போதாதாடா? இது எதுக்கு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. சீமையில் பந்தயத்துக்கென்று செய்த வண்டி. கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். முன்பக்கம் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் மூடியை ஒரு தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். சக்கரங்களில் சைக்கிள் போலக் கம்பிகள். கியர் கம்பி வலது பக்கம், கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மில்லில் பெரிய உத்தியோகம் பார்த்த துரை ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டித் தேய்த்துவிட்டு, ஊருக்குக் கப்பலேறும்போது என் நண்பன் தலையில் கட்டிவிட்டுப் போனது. எஞ்சின் ஓடும், வண்டி நகராது. அதுதான் அதன் சீக்கு.

நண்பன் நகரத்துக்குள் சௌராஷ்டிரர் தெருவைச் சேர்ந்தவன். பட்டு நெய்கிற குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே வந்தால் என்னைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கைத்தடியை ஊன்றித் தெருமுனை வரை போவான். அதற்கு மேல் போவதென்றால் யாராவது கூட வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். பள்ளிக்கூடம், கடைவீதி, சித்திரைத் திருவிழா, எல்லாம் என் சைக்கிள் கேரியரில்தான். கிளம்பும்போது அவனுடைய அண்ணன் தறியிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் வந்து என்னிடம் ஒரே வார்த்தையைச் சொல்வார்: "பாத்துக் கூட்டிட்டுப் போயிட்டு வாப்பா." நல்ல மனிதர். தம்பி மேல் உயிர். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நண்பனின் முகம் சுருங்கிவிடும்.

அவர்கள் தெருவில் காலையில் பாவு நீட்டிவிடுவார்கள். தெரு நெடுக நூல். ஆடுகூட ஒதுங்கித்தான் போக வேண்டும். அங்கே காரை எங்கே நிறுத்துவது? அதனால்தான் எங்கள் வண்டிக் கொட்டகைக்கு வந்தது. காளைகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து, "ஒனக்கு எதுக்குடா இந்தக் கிரகம்?" என்று கேட்டேன்.

"ஒத்தையில ஒரு எடத்துக்குப் போயிட்டு வரணும் மாப்ள."

"எங்க?"

"எங்கிட்டாச்சும். கூட யாரும் வரக்கூடாது. நீயும்தான்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "இருவத்தஞ்சு வயசாச்சு. இன்னைக்கு வரைக்கும் நா தனியா எங்கயும் போனதில்ல. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். பதினைந்து வருஷமாகக் கூடவே திரிந்தும் எனக்கு அது உறைத்ததேயில்லை. "சரி சரி, மொதல்ல அது நகரட்டும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

முதல் வாரத்திலேயே எங்கள் கோழி ஒன்று ஓட்டுகிறவனின் இருக்கையில் முட்டையிட்டது. நல்ல சகுனம் என்றாள் அம்மா. நண்பன் வீட்டில் முட்டை ஆகாது. அவன் தொடாமல் ஒதுங்கி நிற்க, நான் எடுத்து அவித்துத் தின்றேன்.

கோளாறு கிளச்சில் இருந்தது. இந்தக் காலத்துக் கிளச் மாதிரியல்ல அது. புனல் வடிவத்தில் ஓர் இரும்பு, அதன் மேல் சுற்றித் தோல் பட்டை. அந்தத் தோல் எஞ்சினின் பெரிய சக்கரத்துக்குள் போய் இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நகரும். துரை ஓட்டிய ஓட்டில் தோல் கருகி வறட்டி மாதிரி உதிர்ந்தது. புதுத் தோலுக்குச் சீமைக்கு எழுதிப் போட்டு, அது வருவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். தோல்தானே, நம்மிடம் இல்லாத தோலா என்று நான் நினைத்தேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலுக்கு அடியில் நீளமாக ஒரு தோல் வால் இருக்கும். அப்பா அப்போதுதான் புதிதாக ஒன்று தைத்து வாங்கிக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு முழம் வெட்டிவிட்டேன். மறுநாள் அப்பா கண்டுபிடித்து என்னை ஏசிய ஏச்சு வாய்க்கால் தாண்டிக் கேட்டது. ஏசி முடித்துவிட்டு, "வெட்டுனதுதான் வெட்டுன, முதுகுப் பக்கத்துத் தோலா பாத்து வெட்டிருக்கலாம்ல, வகுத்துத் தோலு இழுபடும்டா" என்றார். முதுகுப் பக்கத்தில் இன்னொரு முழம் போயிற்று.

நேராக வெட்டிய பட்டை புனல் மேல் உட்காரவில்லை. ஒரு ஓரம் இறுகினால் மறு ஓரம் தூக்கிக்கொண்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். சுத்தியலைத் தூக்கி வைக்கோல் போரில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நண்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இரும்பைச் சுற்றி மடிப்பில்லாமல் இழுத்து, ஓரத்தைக் கரித்துண்டால் கோடு போட்டு, விரித்துக் காட்டினான். பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. அந்த அளவில் வெட்டியதும் தோல் வந்து ஒட்டிக்கொண்டது. செம்பு ஆணிகளைத் தலை உள்ளே அமுங்கும்படி அடித்தோம். வைக்கோல் போரில் சுத்தியலைத் தேட அரை நாள் ஆனது.

இனிமேல் வருவது என் முட்டாள்தனம். கமலைத் தோலை எப்படிப் பதப்படுத்துவது என்று எனக்குத் தெரியும்; பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எண்ணெயில் மூன்று நாள் ஊற வைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். விளக்கெண்ணெயை ஊற்று ஊற்றென்று ஊற்றினேன். "இம்புட்டு வேணுமாடா?" என்று நண்பன் கேட்டான். "தோலப் பத்தி எனக்குச் சொல்லித் தராத" என்றேன்.

நான் பஸ் ஓட்டுகிற ஒருவரிடம் பழகி ஓட்டக் கற்றிருந்தேன். முதல் ஓட்டத்தில் நான் ஓட்ட, அவன் பக்கத்தில். சமதரையில் கார் போயிற்று. அது போன போக்கைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி கத்தினோம். நாகமலைப் பக்கம் ஒரு சின்ன ஏற்றம். அங்கே எஞ்சின் மட்டும் அலறுகிறது, கார் நிற்கிறது. பிறகு மெதுவாகப் பின்னால் போகிறது. தோல் கருகுகிற வாடை மூக்கைத் துளைத்தது. நான் இறங்கி டயரை உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

நண்பன் காலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "கமலைக்குத் தோலு வழுக்கலாம். இதுக்குப் பிடிக்கணும்ல. எண்ணெயில குளிப்பாட்டி வச்சிருக்க" என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான். "ஒன் மடியில திருநீறு இருக்கா?"

இருந்தது. எங்கள் குலசாமி கோயில் திருநீறு, எப்போதும் ஒரு பொட்டலம் இடுப்பில் இருக்கும். நாமம் போடுகிற வீட்டுப் பையன் திருநீறு கேட்கிறானே, பயந்துவிட்டான் போல என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் பூசிக்கொள்ளவில்லை. "பட்டுல எண்ணெ பட்டுச்சுன்னா எங்க வீட்ல இதத்தான் போடுவாங்க. உறிஞ்சிரும்" என்று சொல்லி, என்னைக் கிளச்சை மிதித்துப் பிடிக்கச் சொன்னான். தோலுக்கும் இரும்புக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினான். சாமிக் குற்றம் ஆகிவிடுமோ என்று நான் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி ஏற்றத்தில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தக் காரோடுதான் எங்கள் பிழைப்பு. வெள்ளிக்கிழமை தோறும் கொட்டகையில் கூடுவோம். சக்கரக் கம்பி ஒவ்வொன்றையும் அவன் விரலால் சுண்டிப் பார்ப்பான், சத்தம் மாறினால் முறுக்குவான். நான் அடியில் படுத்து கிரீஸ் வைப்பேன், முகமெல்லாம் அப்பிக்கொண்டு எழுவேன். இருக்கைப் பஞ்சுக்குள் எலி குட்டி போட்டிருந்ததை ஒரு நாள் எடுத்தோம். அப்புறம் கிளம்புவோம். சமயநல்லூர் வரை ஒரு தடவை போய் வந்தோம். ஓட்டியது நான். பக்கத்தில் அவன்.

ஆமாம், நான்தான் ஓட்டினேன். அவனால் முடியவில்லை. அந்தக் கிளச் பெடல் எனக்கே கெட்டி. இடது காலால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அவன் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தான். கால் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தோல் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன், "பெடல்ல ஒரு கம்பி வச்சுக் கையால இழுக்குற மாதிரி பண்ணிரலாம் மாப்ள. ஒங்க ஊரு கொல்லர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வையி" என்றான்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்டான். கொல்லருக்கு ஏர் வேலை நெருக்கம் என்றேன். அதற்கடுத்த வாரம், அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். இப்படியே மூன்று மாதம். ஏன் என்று இன்றைக்குச் சொல்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு அந்தக் காரை ஓட்டப் பிடித்துவிட்டது. அது மட்டுமல்ல. அவன் தனியாகப் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு? அந்த எண்ணம் உள்ளே கிடந்து அரித்தது. அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற பயத்தினால்தான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் கொஞ்சம் உண்மைதான், கொஞ்சம்தான்.

ஒரு நாள் அவன் தெரிந்த குதிரை ஜட்காக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நேராகக் கொல்லர் பட்டறைக்கே போய் இறங்கிவிட்டான். அவர் அப்படி யாரும் தன்னிடம் சொல்லவேயில்லை என்று கையை விரித்திருக்கிறார். அதே ஜட்காவில் எங்கள் கொட்டகைக்கு வந்தான், இறங்கவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"எங்கண்ணன் வாசல்ல நின்னு சொல்லிட்டாவது என்னையப் பிடிச்சு வைக்கிறாரு. நீ சொல்லாமலே செஞ்சுட்ட" என்றான். ஜட்கா திரும்பிப் போயிற்று.

இரண்டு வாரம் அவன் வரவில்லை. நானும் போகவில்லை, வீம்பு. கார் மேல் கோழிகள் ஏறின. விரட்டக்கூட மனசு வரவில்லை. அம்மா, "அந்தப் பையன் எங்கடா?" என்று கேட்டபோது அவள் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் குழியில் கால்களை இறக்கித் தறி நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் நண்பன். தறி மிதிக்கக் கால் இல்லாததால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீட்டில் வேறொரு வேலை கொடுத்திருந்தார்கள். பாவை இழுத்துப் பிடிக்கும் கயிறு எதிர்ச் சுவர் அருகில் இருக்கும் கட்டையைச் சுற்றித் திரும்பி வந்து, நெய்பவர் பக்கத்தில் ஒரு முளையில் கட்டியிருக்கும். துணி நெய்ய நெய்ய அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று விட்டால் இழைகள் அறுந்து போகும். அவன் கயிற்றை முளையிலிருந்து எடுத்து, ஒரு விரல்கடை விட்டு, மறுபடி மாட்டினான். பாவு அசைந்ததே தெரியவில்லை. பதினைந்து வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

காரின் பெடலிலும் இதே மாதிரி ஒரு கயிறு. முன்னால் ஒரு கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு முளை. நான் எதிர்ச் சுவரையும் முளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என் கண் போகிற இடத்தைப் பார்த்தான்.

"தப்புதான்டா" என்றேன்.

"கப்பி ஒங்க வீட்ல இருக்கா, நா கொண்டு வரணுமா?" என்றான்.

கொல்லர் தேவைப்படவேயில்லை. இரண்டு நாளில் கட்டிவிட்டோம். கயிற்றை இடது கையால் இழுத்து முளையில் மாட்டினால் கிளச் விலகி நிற்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும். வலது கையால் கியரைப் போடலாம். பிறகு கயிற்றை எடுத்து மெல்ல விட வேண்டும். அந்தக் கிளச் பொல்லாதது. நான் காலை எடுத்தால் கார் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும், எத்தனையோ தடவை எங்கள் நெற்றி கண்ணாடியில் இடித்திருக்கிறது. நண்பன் முதல் நாள் கயிற்றை விரல்கடை விரல்கடையாக விட்டான். கார் எப்போது நகரத் தொடங்கியதென்றே எனக்குத் தெரியவில்லை. வேலி ஓரமாக நடந்து வந்த நான்தான், கார் என்னைத் தாண்டுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். வரப்பில் நின்ற அப்பா, "இவன் ஒன்னவிட நல்லா ஓட்டுறானேடா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு மாதம் எங்கள் வயலைச் சுற்றியே பழகினான். தை மாதத்தில் ஒரு காலை, நாகமலை புதுக்கோட்டை வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. அவன் மட்டும். அண்ணன் ஜட்காவில் வந்திருந்தார். நண்பன் தானே கைத்தடியை ஊன்றி முன்னால் போய், கைப்பிடியைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். அவனுக்குக் கைகளில் நல்ல வலு. அண்ணன் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, "பாத்துக் கூட்டிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் காரைப் பார்த்தார். நான் மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நண்பனிடம் நீட்டினேன். "வழுக்குனா போடு."

"வாரேன்" என்றான். போயிற்று கார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பியிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அண்ணன் கொட்டகைக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இரண்டு மணி நேரம் ஆனதும் என்னால் முடியவில்லை. போகக் கூடாது என்று தெரிந்தும் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் பள்ளத்தில் கவிழ்ந்த காரைத்தான் மனசு காட்டியது. வேறெப்போதும் குலசாமியை நான் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

அதே ஏற்றத்தின் அடியில், ஒரு புளியமரத்து நிழலில் கார் நின்றது. காலடிப் பலகை கழன்று புல்லில் கிடந்தது. கயிறு முளையில் மாட்டியிருந்தது. அவன் காரின் படியில் வயிறு படக் குப்புறக் கிடந்து உள்ளே கைவிட்டுத் திருநீறு தூவிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வரை வெள்ளை. எனக்கு உயிர் வந்தது. சைக்கிள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான்.

"எதுக்குடா வந்த?"

"நேரமாச்சுன்னு... தள்ளி விடவா?"

"தொடாத." எழுந்து உட்கார்ந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "போயிரு மாப்ள. ஏத்தத்துக்கு அந்தப் பக்கம் போயி, ஊரப் பாத்துட்டு நானே வாரேன். போயிரு."

அதில் கோபம் இல்லை. கெஞ்சினான். சைக்கிளைத் திருப்பினேன். பின்னால் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. ஓடிப்போய் நானே சுற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மூன்றாவது தடவை எஞ்சின் உறுமியது. அப்புறம் அந்தச் சத்தம் ஏற்றத்தில் ஏறித் தேய்ந்து, கேட்காமல் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. நான் சைக்கிளை ஓரம் கட்டி ஒரு காலைக் கீழே ஊன்றினேன். நிற்பான் என்று நினைத்தேன். நின்று, சைக்கிளைப் பின்னால் கட்டு, ஏறிக்கோ என்பான் என்று நினைத்தேன். அவன் நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஒரு கையால் ஸ்டியரிங், தலை நேராகச் சாலையைப் பார்த்தபடி, என்னைத் தாண்டிப் போய்விட்டான். செம்மண் புழுதி என் வாய், கண், மூக்கு எல்லாவற்றிலும் நிறைந்தது. அந்தப் புழுதிக்குள் நின்றுகொண்டு நான் சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது. புழுதியால் மட்டும் வந்ததல்ல.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கார் கொட்டகையில் நின்றிருந்தது. அண்ணன் தன் துண்டால் அதன் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. நண்பன் காரின் படியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தான். தலை முதல் கால் வரை சிவந்துபோய் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தான்.

"எங்க போயிட்ட மாப்ள, இம்புட்டு நேரம்?" என்றான். "தனியா எங்கயும் போகாதடா, பயமா இருக்குல்ல."

எனக்கு மூச்சு வாங்கியது. மிச்ச மோரை அவன் கையிலிருந்து பிடுங்கிக் குடித்தேன்.